அக்கா நிறுத்தின மாத்திரைகள்

அக்கா என்று நான் கூப்பிடுவது என் கூடப்பிறந்தவளை அல்ல. என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி, என் ஓரகத்தி. அண்ணனும் தம்பியும் எங்களைக் கட்டிக்கொண்டு வந்து ஒரே வீட்டில் விட்டுவிட்டு, ஆளுக்கொரு நோயைச் சொல்லிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் நாங்கள் இரண்டு பேர். சமயநல்லூரில் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே நாலாவது வீடு. அவளுக்கு எழுபத்தெட்டு, எனக்கு அறுபத்தொன்பது. முப்பது வருடம் நான் போஸ்ட் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன், அதே முப்பது வருடம் அவள் மாவு மில் நடத்தினாள், இன்றைக்கும் அதை விடவில்லை. அந்தக் காலத்தில் நாங்கள் பேசிக்கொண்ட நாளைவிடப் பேசாமல் இருந்த நாள்தான் அதிகம். வீட்டுக்கு நடுவில் ஒரு சுவர்கூட எழுப்பினோம். இப்போது சண்டை போட வேறு ஆள் இல்லாததால் அடுப்பு ஒன்றாகிவிட்டது. சுவரில் துணி காயப்போடுகிறோம்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அக்காவுக்குக் கால் வீங்கியது. "பாத்தியாடி, இந்த வயசுல எனக்குச் சதை போடுது" என்று சந்தோஷமாகக் காட்டினாள். விரலை வைத்து அமுக்கினேன். குழி விழுந்து அப்படியே நின்றது. பத்து நாளில், வீட்டிலிருந்து மில்லுக்கு நடக்கும் அந்தக் கூப்பிடு தூரத்துக்குள் மூன்று இடத்தில் உட்கார ஆரம்பித்தாள். மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எக்கோ எடுத்துப் பார்த்த டாக்டர், ஹார்ட் ஃபெயிலியர் என்றார்.

"எட்டாங்கிளாசுலேயே ஃபெயிலானவ நான், இதுலயும் ஃபெயிலா?" என்றாள் அக்கா.

டாக்டர் சிரிக்கவில்லை. இதயம் நின்று போகவில்லை, ரத்தத்தைத் தள்ளுகிற பலம் குறைந்திருக்கிறது, அதனால்தான் உடம்பில் தண்ணீர் தேங்குகிறது என்று படம் போட்டு விளக்கினார். அக்கா பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினாள். "பெல்ட்டு லூசாயிருச்சு. மோட்டாரு ஓடுது, மாவு விழுக மாட்டேங்குது. அம்புட்டுத்தானே?" டாக்டர் யோசித்துவிட்டு, கிட்டத்தட்ட அதுதான் என்றார்.

அன்றைக்கு ஆரம்பித்தது மாத்திரை. இதயத்துக்கு நாலு. தேங்குகிற தண்ணீரை வெளியேற்ற நீர் மாத்திரை ஒன்று. ஏற்கெனவே இருபது வருடமாக வேறொரு கிளினிக்கில் எழுதிக்கொடுத்த பிரஷர் மாத்திரை ஒன்று. முட்டிவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கியது ஒன்று. இத்தனையும் தின்றால் வயிறு புண்ணாகும் என்று கேஸ் மாத்திரை இரண்டு, இரண்டு வேறு டாக்டர்கள் எழுதியது. நடுவில் கிறுகிறுவென்று தலை சுற்றுகிறது என்று சொல்லப்போய் அதற்கு ஒன்று. சத்துக்குச் சிவப்பாக ஒன்று. ஆக மொத்தம் பதினொன்று. எங்களுக்கு வாய்த்த டாக்டர்கள் எல்லோருக்கும் சீட்டில் எழுதத் தெரியும். எழுதினதை அடிக்கத்தான் ஒருத்தருக்கும் கை வரவில்லை.

மாத்திரை எடுத்துக் கொடுப்பது என் வேலை. கோயம்புத்தூரில் இருக்கிற அக்கா மகன் சாயங்காலமானால் வீடியோவில் வந்து, "சித்தி, அம்மாவுக்கு மாத்திரை குடுத்தாச்சா?" என்று கேட்பான். அம்மா எப்படி இருக்கிறாள் என்பது இரண்டாவது கேள்வி. அவனையும் குறை சொல்ல முடியாது. அக்கா எப்படி இருக்கிறாள் என்று அவளிடமே கேட்டால், "இருக்கேன்ல, அப்புறம் என்ன கேள்வி" என்பாள்.

அவளுக்கு ஆகவே ஆகாதது நீர் மாத்திரை. காலையில் போட்டால் மத்தியானம் வரைக்கும் நாலைந்து தடவை பாத்ரூமுக்கு ஓட வேண்டும். வீட்டில் இருந்தால் சரி. போன வருடம் கொட்டாம்பட்டியில் ஒரு காதுகுத்து. மாட்டுத்தாவணியில் திருச்சி பஸ் ஏறினோம். மேலூர் தாண்டியதும் அக்கா என் தொடையைக் கிள்ளினாள். கண்டக்டரிடம் போய்ச் சொன்னேன். "இங்கிட்டெல்லாம் ஸ்டாப்பிங் இல்லம்மா" என்றான். அக்கா சீட்டை விட்டு எழுந்து, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஸ்டாப்பிங் எனக்கும் இல்லப்பா. நிப்பாட்டுறியா, இல்ல இங்கனயே ஆரம்பிக்கவா?" என்றாள். டிரைவரே பிரேக் போட்டுவிட்டார். நாலு வழிச் சாலை ஓரத்தில் ஒரு மறைவும் கிடையாது. நான் என் சேலை முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். லாரிக்காரர்கள் ஹார்ன் அடித்துக்கொண்டே போனார்கள். அக்கா பதிலுக்கு வைதாள். ஏறி உட்கார்ந்த பிறகு, கொட்டாம்பட்டி வரைக்கும் அவள் பேசவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். வாயாடிக்கும் வெட்கம் உண்டு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு வெளியே கிளம்புகிற நாளில் நீர் மாத்திரையை விட்டுவிடுவாள். அது எனக்குத் தெரியும். தெரியாதது வேறு.

ஒரு நாள் என் கண்ணாடியின் கால் உடைந்துபோனது. பேப்பர் படிக்க அக்காவுடைய கண்ணாடியை எடுத்துக்கொள்ளலாம் என்று அவள் அலமாரியைத் திறந்தேன். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு அவள் கண்ணாடியே போடுவதில்லை. கண்ணாடிக் கூட்டைத் திறந்தால், உள்ளே கண்ணாடிக்குப் பதிலாக மாத்திரை. வெள்ளை, மஞ்சள், ரோஸ். எண்ணிப் பார்த்தேன். முப்பத்தைந்து. இதயத்து மாத்திரை நாலும் நீர் மாத்திரையும், ஏழு நாளைக்கு.

"என்னக்கா இது?"

"வச்சிருக்கேன். வேணும்னா நீ தின்னு."

"பதினொண்ணுல இந்த அஞ்சை மட்டும் எப்படிப் பொறுக்குனீங்க?"

அவள் சொன்ன கணக்கு இதுதான். முட்டிவலி மாத்திரை கேட்கும், அதனால் அது இருக்கட்டும். சிவப்பு மாத்திரை பார்க்க நன்றாக இருக்கிறது, அதுவும் இருக்கட்டும். பிரஷர் மாத்திரை இருபது வருடப் பழக்கம், அதை விட முடியாது. கேஸ் மாத்திரை போட்டால் ஏப்பம் வருகிறது, தலைசுத்தல் மாத்திரை பேரிலேயே வேலை தெரிகிறது. மிச்சம் ஐந்தும் எதற்கு என்று உடம்புக்குத் தெரியவே இல்லை. "தின்னாலும் ஒண்ணும் தெரியல, திங்காட்டியும் ஒண்ணும் தெரியல. அப்ப எதுக்கு?"

திட்டினேன். மகனிடம் சொல்லப்போவதாக மிரட்டினேன். அவள் எழுந்து, கூடத்தில் இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் விறுவிறுவென்று நடந்து காட்டினாள். "பாரு. ஒரு வாரமா கிறுகிறுப்பு இல்ல. மாத்திரை தின்னப்ப எந்திரிச்சா சாமி வந்த மாதிரி ஆடுவேன். பாத்ரூமுல ரெண்டு தடவ விழுந்தேன். ஒனக்குச் சொல்லல."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சொல்லியிருந்தால் மில்லுக்குப் போக விடமாட்டேன் என்று பயந்திருக்கிறாள். பொய் சொல்லக்கூடாது, அவள் நடந்த நடையைப் பார்த்து நானும் நம்பினேன். ஒரு வேளை இவ்வளவு மாத்திரையும் வீண்தானோ என்று எனக்குள்ளும் ஒரு எண்ணம் ஓடியது. அன்று சாயங்காலம் வீடியோவில் அவன் கேட்டபோது, "குடுத்தாச்சு தம்பி" என்றேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்து ஒரு கண்ணை மூடினாள். நாற்பது வருடத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே கட்சியில் நின்றது அதுதான் முதல் தடவை. எனக்கு அது பிடித்தும் இருந்தது. அதுதான் வினை.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு மில்லிலிருந்து ஆள் ஓடி வந்தது. போய்ப் பார்த்தால், அக்கா மிளகாய் மூட்டைமேல் உட்கார்ந்து முன்னால் குனிந்து மூச்சை இழுத்துக்கொண்டிருக்கிறாள். உதடு கறுத்திருந்தது. நெஞ்சில் கை வைத்தால் பட்டாசுச் சரம் மாதிரி படபடக்கிறது. கால் மறுபடி பொதபொதவென்று ஊதியிருந்தது. செருப்பைக் கழற்ற முடியவில்லை. வாசலில் மிளகாய் இறக்க வந்த லோடு ஆட்டோதான் நின்றது. அதில்தான் ஏற்றினோம். மதுரைக்குப் போகிற வழியில், பரவை வரும்வரை வண்டியில் இருந்த மிளகாய் நெடியில் அவள் தும்மினாள், நான் தும்மினேன், ஓட்டுகிற தம்பி தும்மினான். மூச்சு வாங்குகிற மனுஷி ஒவ்வொரு தும்மலுக்கும் என் கையை நொறுக்கிவிடுகிற மாதிரி பிடித்தாள். எனக்கு அழுகையும் தும்மலும் சேர்ந்து வந்தது. "ஏண்டி அழுகுற... மொளகாப்பொடியா?" என்று விட்டு விட்டுக் கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஆஸ்பத்திரியில் முகத்தில் ஆக்சிஜன் மாட்டி, ஊசி போட்டு, மூன்று நாளில் அவளிடமிருந்து எடுத்த தண்ணீரைப் பார்த்தால் எங்கள் தெருவுக்கு அரை நாள் சப்ளை செய்திருக்கலாம். நாலாம் நாள் வார்டுக்கு வந்தாள். பழைய டாக்டர் ஊரில் இல்லை, வேறொரு டாக்டரம்மா பார்த்தார். ஐம்பது வயது இருக்கும். குரல் கட்டை. ரவுண்ட்ஸ் வந்தவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அதுவே எங்களுக்குப் புதுசு.

"மாத்திரைய ஏம்மா நிப்பாட்டுனீங்க?"

நான் வாயைத் திறந்தேன். "நீங்க இருங்க, அவங்க சொல்லட்டும்" என்றார்.

அக்கா கிறுகிறுப்பைச் சொன்னாள், பாத்ரூமில் விழுந்ததைச் சொன்னாள், மேலூர் தாண்டி நடந்ததைக்கூடச் சொன்னாள். டாக்டரம்மா கேட்டுக்கொண்டே அவளைப் படுக்கவைத்து பிரஷர் பார்த்தார், பிறகு எழுந்து நிற்கச் சொல்லிப் பார்த்தார். நின்றதும் சட்டென்று இறங்கியிருந்தது.

"மாத்திரைய நிறுத்தணும்னு உங்களுக்குத் தோணுனது சரி" என்றார். "ஆனா நிறுத்துனதெல்லாம் தப்பான மாத்திரை. எதை விடணுமோ அதையெல்லாம் ஒழுங்கா சாப்பிட்டிருக்கீங்க."

அக்கா என்னைப் பார்த்து, "பாத்தியா, சரின்னு சொல்லிட்டாங்க" என்றாள். மிச்சத்தை அவள் காதில் வாங்கவில்லை.

மறுநாள் வீட்டில் இருக்கிற மருந்து எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னார். மஞ்சப்பையில் அள்ளிக்கொண்டு போய்க் கட்டிலில் கொட்டினேன். அட்டை அட்டையாக விழுந்தது. நடுவில் என் வீட்டுக்காரருடைய பழைய சர்க்கரை மாத்திரைகூட ஒன்று வந்துவிட்டது. டாக்டரம்மா அதை எடுத்துப் பார்த்து, "இது யாருக்கு?" என்றார். "அவருக்குத்தான். அவரு எட்டு வருசமா கேக்கல" என்றாள் அக்கா.

ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தார். முட்டிவலி மாத்திரையைத் தனியாகத் தள்ளினார். அது உடம்பில் தண்ணீரைத் தேக்குமாம். ஒரு பக்கம் நீர் மாத்திரை வெளியேற்ற, இன்னொரு பக்கம் இது சேர்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. அதை அன்றைக்கே நிறுத்தச் சொன்னார். முட்டிக்கு ஒத்தடமும், தேவைப்பட்டால் போட வேறு ஒன்றும் எழுதினார். கேஸ் மாத்திரை இரண்டும் பேர்தான் வேறு, சரக்கு ஒன்று. இருபது வருடப் பிரஷர் மாத்திரைதான் இப்போது ஆளைத் தள்ளிவிடுகிறது. இதயத்து மாத்திரைகளே பிரஷரைக் குறைக்கும்போது இது எதற்கு? அந்தத் தள்ளாட்டத்துக்குத்தான் தலைசுத்தல் மாத்திரை. ஆக, ஒரு மாத்திரை செய்த வேலைக்கு இன்னொரு மாத்திரை தின்று வந்திருக்கிறாள்.

"அப்ப மொத்தத்தையும் இன்னைக்கே குப்பையில போட்ருவோம்" என்றாள் அக்கா.

"அப்படித்தானே இங்க வந்து படுத்திருக்கீங்க? ஒவ்வொண்ணா நிறுத்தணும். ஒரே நேரத்துல ரெண்ட நிறுத்துனா எது வம்பு பண்ணுச்சுன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது." இதயத் துடிப்பை அடக்கும் மாத்திரையைக் காட்டி, "இதத் திடுதிப்புன்னு விட்டதாலதான் நெஞ்சு அப்படி அடிச்சுது. திரும்ப ஆரம்பிக்கவும் கொஞ்சத்துலருந்துதான் ஏத்தணும்" என்றார். பிரஷர் மாத்திரையை முதலில் பாதியாக்கி, இரண்டு வாரம் பார்த்து, பிறகு நிறுத்துவது, அது அடங்கின பிறகு தலைசுத்தல் மாத்திரை, பிறகு மற்றது என்று வரிசை போட்டார். தினமும் காலையில் பாத்ரூம் போய்விட்டு வந்து, சாப்பிடும் முன்னால் எடை பார்க்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினாலோ, கால் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ காத்திருக்காமல் கூப்பிட வேண்டும்.

சிவப்பு மாத்திரையை என்ன செய்வது என்று அக்கா கேட்டாள். வேண்டாம் என்றார். அவள் முகம் விழுந்துபோனது. "அது ஒண்ணுதாண்டி பாக்க லட்சணமா இருந்துச்சு" என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மகனுக்குப் போன் செய்து, பொய் சொன்னதைச் சொன்னேன். "நீங்களுமா சித்தி" என்றான். அவ்வளவுதான் சொன்னான். வைதிருந்தால் தேவலை.

எடை மெஷின் வந்தது. முதல் நாளே சண்டை. சேலையோடு ஏறினால் சேலை எடையும் சேரும், அதைக் கழி என்றாள். தினமும் அதே மாதிரி சேலைதானே, கூடுதா குறையுதா என்றுதான் பார்க்க வேண்டும் என்றேன். நைட்டியில் ஏறினாள். மெஷினைக் கூடத்தில் வைத்தால் ஒரு எடை, அடுப்படியில் வைத்தால் ஒரு எடை. கடைசியில் கூடத்தில் ஒரு டைல்ஸில் சாக்பீஸால் கட்டம் போட்டு அதில்தான் வைக்க வேண்டும் என்று தீர்மானித்தோம். எடையைத் தினக் காலண்டரில் எழுதினேன். இரண்டு வாரம் கழித்து டாக்டரம்மா, "எடை எழுதுனீங்களா?" என்று கேட்டபோதுதான் உறைத்தது. நான் எழுத எழுத, அக்கா மறுநாள் காலையில் தாளைக் கிழித்துப் பல்பொடி மடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். "எழுதுனோம், கிழிச்சுட்டோம்" என்றேன். டாக்டரம்மா மேஜையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து என் கையில் வைத்தார்.

ஆனால் பிரஷர் மாத்திரை பாதியானது, பிறகு நின்றது. மாதம் ஒன்றானதும் அக்கா கட்டிலிலிருந்து எழுந்து சுவரைப் பிடிக்காமல் நின்றாள். தலைசுத்தல் மாத்திரையும் போனது. ஒரு கேஸ் மாத்திரை போனது. பதினொன்று ஆறானது. இதயத்து மாத்திரை நாலும் இருந்தது, ஒரு நாள்கூடத் தப்பாமல். மில்லுக்கு மறுபடி நடந்தாள். நான் பின்னாலேயே போனால், "என்னடி, சிஐடி வேலையா?" என்று திரும்பி நின்று கேட்பாள்.

மிச்சம் நீர் மாத்திரை. அதைப் பாதியாக்கிப் பார்ப்போமா என்று அக்காதான் கேட்டாள். எடை நிலையாக இருப்பதால் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. ஒரு வாரம் சரியாக ஓடியது. ஒன்பதாம் நாள் ஒரு கிலோ ஏறியது, பத்தாம் நாள் இன்னும் ஒரு கிலோ. மில்லில் யாரோ கொண்டுவந்த கருவாட்டை அவள் எனக்குத் தெரியாமல் இரண்டு நாள் ஒரு பிடி பிடித்திருந்தாள். உப்பு தின்றதாலா, மாத்திரை குறைந்ததாலா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. போன் செய்தேன். உடனே வரச் சொல்லிப் பார்த்துவிட்டு, பழையபடி முழு மாத்திரை என்றார்.

அக்கா எதிர்த்துப் பேசவில்லை. "இது கடைசி வரைக்குமாம்மா?" என்றாள்.

"தெரியல. கொஞ்ச மாசம் போகட்டும், கருவாடு இல்லாம இன்னொரு தடவ பாப்போம். சரியா வந்தாலும் வரும், வராமலும் போகும். உங்களுக்கு என்ன வேணும், அதச் சொல்லுங்க."

"எனக்கு நூறு வயசெல்லாம் வேணாம்மா. மில்லுக்கு விழுகாம நடந்து போகணும். ஒரு விசேசத்துக்குப் பஸ்ஸுல மானமாப் போயிட்டு வரணும். வேற என்ன, ஓட்டப்பந்தயமா ஓடப்போறேன்?"

அதற்கு வழி இருந்தது. வெளியே போகிற நாளில் மாத்திரையை விட வேண்டாம், போய்ச் சேர்ந்தபின் மத்தியானம் போட்டுக்கொள்ளலாம் என்றார். மூன்று வருடத்தில் இதை நாங்கள் யாரிடமும் கேட்கவும் இல்லை, யாரும் சொல்லவும் இல்லை. அடுத்த மாதமே அலங்காநல்லூர் பக்கம் ஒரு வளைகாப்புக்குப் போய்வந்தோம். ஒரு தடவைகூட என் தொடையைக் கிள்ளவில்லை.

போன தடவை செக்கப் முடிந்து எழுந்திருக்கும்போது டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, "நீங்க என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்றார். நான் ஒன்றும் பெரிதாக இல்லை என்றேன்.

"தூக்க மாத்திரை திங்குறா. அவ புருசன் போனதுலருந்து" என்றாள் அக்கா. "எதுக்குன்னு கேளுங்க. போஸ்ட் ஆபீஸ் கவுண்டர்லயே உக்காந்துக்கிட்டே தூங்குனவ இவ."

ஒரேயடியாக நிறுத்தக்கூடாது, இதையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்று எனக்கும் ஒரு சீட்டு எழுதினார். வெளியே வரும்போது அக்காவுக்கு நடையே மாறியிருந்தது. இப்போது என் மாத்திரை அவள் பொறுப்பு. அரையாகி, போன வாரம் கால் மாத்திரைக்கு வந்திருக்கிறேன். கத்தியால் நாலாக நறுக்கும்போது பாதி பொடியாகிவிடுகிறது. "குடுடி, மில்லுல போட்டு ஒரே சீரா அரைச்சுத் தாரேன்" என்கிறாள்.